துண்டுக்கு வெளியே ஒரு விலை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தாய்மாமன் மகன் ஒரு பட்டியல் போட்டார். 'நம்ம காலத்து விலைவாசி' என்று தலைப்பு, சுற்றிலும் ரோஜாப்பூ. டீ இருபது பைசா. தோசை முப்பது பைசா. சினிமா பெஞ்சு டிக்கெட் அறுபது பைசா. கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ் ஒரு ரூபாய். தங்கம் பவுன் நானூறு. கடைசி வரி: நல்ல கறவை எருமை, கன்றோடு, தொள்ளாயிரம்.

அவ்வளவுதான், குழுவில் கண்ணீர் பெருகிவிட்டது. துபாயில் இருக்கிற ஒருத்தன் கைகூப்பினான். முதலமடையில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிற இன்னொருத்தன், 'அது பொற்காலம்ணா, இனி வருமா?' என்று கேட்டான். ஆண்கள் எல்லோரும் வரிசையாகப் பெருமூச்சு விட்டார்கள். நான் பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட போங்கப்பா! எந்தப் பொற்காலம்? யாருடைய பொற்காலம்?

அந்த இருபது பைசா டீயை நான் குடித்ததே இல்லை. டீக்கடை பெஞ்சு ஆண்களுக்கு. நாங்கள் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு எட்டி நடக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து நான் முதன்முதலாகத் தோசை தின்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. கோயமுத்தூர், கூட மூன்று நர்ஸ் பிள்ளைகள். விலை முப்பது பைசா இல்லை, நாற்பது. நானே கேட்டு நானே கொடுத்த காசு, அதனால் மறக்கவில்லை. அதற்கு முந்தைய விலை, ஒன்றைத் தவிர, எதுவும் எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இப்படிச் சொன்னால், இவளுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. நான்கு ஏக்கர் மேட்டாங்காடு, இரண்டு எருமை, நான் ஒருத்தி. இன்றைக்குக் கேரள எல்லையோரத்தில் எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் மாந்தோப்பு. அன்றைக்கு நிலக்கடலையும் சோளமும்தான், அதுவும் மழை மனது வைத்தால். அம்மா உழவைத் தவிர எல்லா வேலையும் செய்தாள். விதைப்பாள், களை எடுப்பாள், கடலை பிடுங்குவாள், எருமை கறப்பாள். விற்பது மட்டும் மாமா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு காடு தள்ளி அவர் ஊடு. அப்பா போன நாளிலிருந்து அவர்தான் எங்களுக்கு எல்லாம். கடலை மூட்டை அவர் வண்டியில் போகும். சேவலோ கிடாவோ அவர் கையில் போகும். சாயங்காலம் வந்து, "இவ்வளவுதான் ஆத்தா போச்சு" என்று அம்மா கையில் ரூபாயை வைப்பார். அம்மா அதை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். அண்ணன் கொடுக்கிற காசை எண்ணுவது அவளுக்கு மரியாதைக் குறைவு. மாமாவும் பாசம் இல்லாத ஆள் இல்லை. என்னைத் தோளில் வைத்துக் கோயில் நோம்பிக்குக் கூட்டிப் போனவர், எனக்குக் கை நிறையக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு இன்றைக்கும் வராது.

ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் அவர் மகனைக் கட்ட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று இரண்டு ஊட்டிலும் நினைத்தார்கள். பட்டியல் போட்டாரே, அவரைத்தான்.

பத்தாவது முடித்தேன், பிறகு இரண்டு வருடம் கொல்லங்கோட்டுக்குப் போய்ப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொல்லி, யாருக்கும் தெரியாமல் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது. முன்பணம், சீருடை, புத்தகம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய், அடுத்த திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அம்மா அதை வாங்கி மடித்து, படிக்கத் தெரியாததால் மறுபடி பிரித்து, என்னிடமே கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "கறவை எருமையக் குடுத்துரலாம்" என்றாள்.

மாமா குதித்தார். "கண்டவன் மேல கை வெக்கிற வேலைக்கா புள்ளைய அனுப்புவே? ஊர் சிரிக்குமாத்தா!" அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மூன்று நாள் இப்படியே. கடைசியில் மாமா இறங்கி வந்தார். "சரி, சந்தைக்கு ஓட்டறேன். வெலை கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலைன்னா சாமி விட்ட வழி, ஆவணில கலியாணம்." அம்மா தலையாட்டினாள். என் வாழ்க்கை மொத்தமும் ஒரு எருமையின் விலையில் வந்து நின்றது.

அந்த எருமைக்கு ஒரு குணம். அம்மா கை பட்டால்தான் பால் விடும். வேறு யார் உட்கார்ந்தாலும் காலைத் தூக்கும். சந்தையில் கறந்து காட்டாமல் எவன் வாங்குவான்? அதனால் அம்மா வந்தே ஆக வேண்டியிருந்தது. வெள்ளைச் சேலைக்காரி சந்தைக்கு வருவதா என்று மாமாவுக்கு முகம் சுருங்கியது. "கறந்துட்டு ஓரமா நின்னுக்க, முன்னால வராத" என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். கன்றைப் பிடிக்க நான்.

விடிய ஆரம்பித்ததும் நடந்தோம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் சந்தை. காலையில் கறக்காமல் மடி கட்டிக்கொண்டதால் எருமை காலை அகட்டி அகட்டி நடந்தது. போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஐயோ சாமி, அத்தனை ஆண்களை நான் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. பெண்கள் என்றால் கயிறு விற்கிற ஒரு கிழவியும், முறுக்கு விற்கிற ஒருத்தியும், நாங்களும்தான்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகோர்த்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பிடித்து விலை நடக்கும். ஒரு விரல் என்றால் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரியும். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட என்ன விலை போனது என்று தெரியாது. அந்தத் துண்டுக்குள் எந்தப் பெண்ணின் கையும் போனதில்லை.

கொல்லங்கோட்டில் டீக்கடை வைத்திருந்த ஒரு மலையாளி வந்தார். எருமையைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா உட்கார்ந்து கறந்தாள். போசி நிறைந்து நுரை வழிந்தது. நாலு லிட்டருக்குக் குறையாது. சுற்றி நின்ற ஆட்கள், "அடேங்கப்பா" என்றார்கள். நான் ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கன்றின் கயிற்றை முறுக்கினேன்.

மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவரும் டீக்கடைக்காரரும் கைகோர்த்தார்கள். தரகர் பக்கத்தில் நின்றார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. டீக்கடைக்காரர் ஒரு தடவை தலையை ஆட்டினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"தொள்ளாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா வராதுன்னுட்டான். முடிச்சுட்டேன் ஆத்தா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வெசனப்படாத கண்ணு. ஆவணில எல்லாம் சரியாயிரும்."

நான் அழவில்லை. அழுதால் அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா கையில் பால் போசியோடு நின்றாள். பிறகு போசியைத் தரையில் வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், நேராக டீக்கடைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரகரைப் பார்த்தார். தரகர் சிரித்துக்கொண்டே, "அம்மா, அது துண்டுக்குள்ள பேசுனதுங்க. வெளிய சொல்ற வழக்கம் இல்லீங்க" என்றார்.

"என்ற எருமை துண்டுக்கு வெளியதானுங்க நிக்குது" என்றாள் அம்மா.

யாரோ சிரித்தார்கள். மாமா அம்மாவின் தோளைத் தொட்டு, "வாத்தா, மானம் போகுது" என்று அடிக்குரலில் சொன்னார். எனக்கும் மானம் போனது. உண்மையைச் சொல்கிறேன், நான் அன்றைக்கு அம்மா பக்கம் நிற்கவில்லை. அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, போலாம் வா. நான் படிக்கலை, விடு" என்றேன். இன்றைக்கும் என்னை அறுக்கிறது அந்த வார்த்தை. எனக்காகச் சந்தைக்கு நடுவில் நின்றவளை நான் இழுத்தேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். எருமைக் கயிற்றை அவிழ்த்தாள். காய்கறிக்காரி கூவுவது மாதிரி சந்தையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ரெண்டாம் ஈத்து எருமை, வேளைக்கு நாலு லிட்டர், ஆயிரத்தி நானூறு ரூவா! வாயத் தொறந்து வெலை சொல்றவியளுக்குத்தான் எருமை!"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். அந்தச் சந்தையில் விலையைக் கூவிவிட்ட மாட்டைப் பிறகு யாரும் தொட மாட்டார்கள். வாய்ப்பட்ட மாடு என்று ஒதுங்கிப் போவார்கள். அது அவளுக்குத் தெரியாது. தெரிய வைக்க யார் அவளைச் சந்தைக்குள் விட்டார்கள்? அரை மணி நேரம் நின்றோம். எங்களைச் சுற்றி இருந்த கூட்டம் விலகி, நாங்கள் மூன்று பேரும் எருமையும் கன்றும் தனியாக நின்றோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "திருப்தியா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி நடந்தோம். மாமா பத்தடி முன்னால். அம்மா எருமையோடு. நான் கன்றோடு கடைசியில். அந்த வழி முழுவதும் எனக்கு அம்மா மேல்தான் கோபம். தொள்ளாயிரமாவது கிடைத்திருக்கும், இப்போது அதுவும் இல்லை, மிச்ச இருநூறுக்கு யார் காலிலாவது விழுந்திருக்கலாம் என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

செக்போஸ்ட் பக்கத்தில் இருந்த டீக்கடை முன்னால் எருமைக்குத் தண்ணீர் காட்ட நின்றோம். பின்னாலேயே சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். அந்தக் கொல்லங்கோட்டுக்காரர்தான். அவர் ஊருக்கும் அதுதான் வழி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"சேச்சி, சந்தைக்குள்ள சொன்னா நாளைக்கு எனக்கு ஒருத்தனும் கை தர மாட்டான். இங்க சொல்றேன். நான் பறஞ்ஞது ஆயிரத்தி முந்நூறு. இப்பவும் அதே விலை. எருமையத் தருவீங்களா?"

சத்தமாகத்தான் சொன்னார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. என் வாழ்க்கையில் நான் காதால் கேட்ட முதல் விலை அதுதான்.

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா கையில் டீ டம்ளர். குடிக்கவில்லை, வைக்கவுமில்லை. "உனக்குத்தான் ஆத்தா... புள்ள கழுத்துக்கு ஒரு பவுனாவது வேண்டாமா? நானூறு ரூவா, சரியா ஒரு பவுனு. முன்னயும் அப்பப்ப எடுத்து வெச்சிருக்கேன். எல்லாம் அவ கலியாணத்துக்குத்தான். நானா திங்கப் போறேன்?" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. பொய் சொல்கிற குரல் இல்லை அது.

"அதயும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுங்களேண்ணா" என்றாள் அம்மா. அண்ணனை அவள் எதிர்த்துப் பேசிய ஒரே பேச்சு அது. பிறகு கொல்லங்கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, "எருமை உங்களுதுங்க. ஒரு வாரத்துக்கு நானே வந்து கறந்து பழக்கி உடறேன்" என்றாள். அவர் கொடுத்த ரூபாயை வாங்கி, பெஞ்சில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் முன்னால் நின்று, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். அவசரமே படவில்லை.

திங்கட்கிழமை நான் கோயமுத்தூரில் இருந்தேன்.

மாமா ஒன்றரை வருடம் எங்கள் ஊட்டுப் படி ஏறவில்லை. தன் ஊட்டில் போய், 'தொள்ளாயிரத்துக்கு முடிச்சு வெச்ச எருமைய அவ கூவிக் கெடுத்துட்டா' என்று சொல்லியிருக்கிறார். செக்போஸ்ட் கதையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் மகனுக்கு வேறு இடத்தில் நல்ல பெண் அமைந்தது. அந்த அக்காவும் நானும் இன்றைக்கும் சிநேகிதம்.

பல வருடம் கழித்து, நான் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமாவை அங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஈரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. கண்டவன் மேல கை வைக்கிற வேலை என்றாரே, அந்தக் கையால்தான் அவரைத் துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், கஞ்சி ஊட்டினேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஒரு நாள் மத்தியானம் ஊசி போட்டுவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். போர்வைக்கு அடியில் மாமா என் கையைப் பிடித்தார். நான்கு விரல்களைச் சேர்த்து அழுத்தினார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

எனக்குப் புரிந்தது. ஆனாலும் விட மனது வரவில்லை. போர்வையை விலக்கினேன். "வாயால சொல்லுங்க மாமா" என்றேன்.

"நானூறு" என்றார். "அதுக்கு முந்தி எடுத்தது எத்தனைன்னு எனக்கே நெனப்பில்ல கண்ணு. வெள்ளாமை பொய்ச்ச வருசம் எல்லாம் கரைஞ்சு போச்சு. உங்கம்மாகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே மன்னித்துவிட்டேன். மன்னித்தது வேறு, விலையை மாற்றிச் சொல்வது வேறு.

அதனால்தான் போன வாரம் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. தொள்ளாயிரமாம்! துண்டுக்குள் செத்துப்போக வேண்டிய பொய், ஐம்பது வருடம் கழித்து ரோஜாப்பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. நான் குழுவில் எழுதினேன்: 'எருமை ஆயிரத்து முந்நூறு. திருத்தவும்.'

உடனே போன் வந்தது. "ஏன் அம்முணி, இத்தனை வருசம் கழிச்சு நானூறு ரூவாய்க்கா சண்டை?" என்றார் மாமன் மகன். "அப்பா தொள்ளாயிரம்னுதான் சொல்லுவாரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா கேட்டா, அதனால எனக்குத் தெரிஞ்சுது மச்சான்" என்றேன். பிறகு முழுக் கதையையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அவர் அப்பா சொன்ன வார்த்தை வரைக்கும். மறுபக்கம் டிவி ஓடுவது கேட்டது. கடைசியில், "சரி, அந்த வரிய எடுத்தர்றேன். போதுமா?" என்றார்.

"எடுக்க வேண்டாம்" என்றேன். "வெலைய மாத்துங்க. பக்கத்துல எங்கம்மா கேட்டுத் தெரிஞ்சதுன்னு எழுதுங்க."